பிஜிபவுன்சர்: தேர்த்திருவிழாக் கூட்டத்தைத் தாங்குமா?

யாழ்ப்பாணம்–கொழும்பு இரவு பஸ்களுக்குச் சீட் பதிகிற தளம் ஒன்றை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மற்ற நாட்களில் சும்மா கிடக்கிற சேர்வர், நல்லூர்த் தேரும் தீர்த்தமும் முடிந்த கையோடு திணறும். வந்த சனமெல்லாம் ஒரே இரவில் திரும்ப நிற்குமே! எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ், கனெக்ஷன் கூடிவிட்டதென்று "டூ மெனி கிளையன்ட்ஸ்" சொல்லிக் கையை விரித்துவிடும். அதற்காகத்தான் பிஜிபவுன்சரைப் போட்டுப் பார்த்தேன்: தளத்துக்கும் போஸ்ட்கிரெஸுக்கும் நடுவில் நின்று, கொஞ்சக் கனெக்ஷனைப் பலருக்கும் மாறிமாறிக் கொடுக்கிற மென்பொருள்.

தளத்தின் பிஎச்பி கோடை ஓட்டுகிற பிஎச்பி-எஃப்பிஎம்மில் நிலையான கனெக்ஷன் போட்டால் ஒவ்வொரு வேர்க்கரும் (வருகிற கோரிக்கைகளைக் கவனிக்கிற ப்ராசஸ்) தனக்கென்று ஒன்றைப் பிடித்துவைத்திருக்கும், வேலை இல்லாவிட்டாலும் விடாது. எங்களுக்கு இரண்டு வெப் சேர்வர், 60 வேர்க்கர் வீதம் 120. போஸ்ட்கிரெஸ் இயல்பாகத் தருவதோ 100. அதிலும் 3 சூப்பர்யூசருக்கு, அதாவது தரவுத்தள நிர்வாகிக்கு, ஒதுக்கியது. கூட்டலாம்தான், ஆனால் கனெக்ஷன் ஒவ்வொன்றும் தனி ப்ராசஸ். எங்கள் ராமுக்கு அது கட்டாது.

பிஜிபவுன்சர் இலவசம், மிகச் சிறியது. தளத்தின் போர்ட்டை 5432 இலிருந்து 6432 ஆக மாற்றி, கனெக்ஷனை எப்போது திருப்பி வாங்குவது என்று சொல்கிற பூல் மோடை ட்ரான்ஸாக்ஷன் என்று வைத்தேன். ஒரு ட்ரான்ஸாக்ஷன் (ஒரே மூச்சில் முடிகிற தரவுத்தள வேலை) முடிந்ததும் கனெக்ஷன் பொதுக் கையிருப்பான பூலுக்குத் திரும்பிவிடும். தளப் பக்கமிருந்து ஏற்கிற கனெக்ஷனின் உச்சம் (மாக்ஸ் கிளையன்ட் கனெக்ஷன்) இதிலும் இயல்பாக 100 தான். அதைக் கட்டாயம் கூட்டுங்கள். தேரன்று இரவு பூலின் நிலையைக் காட்டுகிற "ஷோ பூல்ஸ்" கட்டளையை அடித்துப் பார்த்தேன்: வெளியே 120 வேர்க்கரும் நிற்க, உள்ளே 20 கனெக்ஷனே போதுமாக இருந்தது. காத்திருப்போர் நிரலில் இடைக்கிடை ஒன்றிரண்டு எட்டிப்பார்த்தது, அவ்வளவுதான்.

சும்மா செருகிவிட்டுப் போகிற சாமான் அல்ல. சீட்டை இருவர் ஒரேநேரம் எடுக்காமலிருக்க எங்கள் கோட் செஷன் அளவிலான அட்வைசரி லாக் பாவித்தது, அதாவது நாமே போட்டு நாமே திறக்கிற, கனெக்ஷன் இருக்கும்வரை நிற்கிற பூட்டு. ட்ரான்ஸாக்ஷன் மோடில் பூட்டுவது ஒரு கனெக்ஷனிலும் திறப்பது வேறொன்றிலும் போய் விழலாம். பிறகு அந்தச் சீட் பூட்டினபடியே கிடக்கும். எல்லாவற்றையும் ட்ரான்ஸாக்ஷனோடு தானே விடுபடுகிற லாக்காக மாற்றியபிறகுதான் ஏற்றினேன். லிஸன்–நோட்டிஃபை (போஸ்ட்கிரெஸ் வழியாக அறிவிப்பு அனுப்பிக் கேட்கிற வசதி) பாவிக்கிறவர்களுக்கும் இதே தலையிடிதான். பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்டை (முன்கூட்டியே தயார்செய்து வைக்கிற வினவலை) பிஜிபவுன்சர் 2023 இல் வந்த 1.21 பதிப்பிலிருந்து சமாளிக்கிறது. ஆனாலும் பழைய பிஎச்பியில் தரவுத்தளத்தோடு பேச பிடிஓ பாவித்தால், அந்தத் தயாரிப்பைப் பிஎச்பி பக்கமே செய்துவிடுகிற எமுலேட் பிரிப்பேர்ஸைப் போட்டுவிடுங்கள், நிம்மதி.

ஒரே சேர்வர், முப்பது நாற்பது வேர்க்கர் என்றால் இதைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அங்கே நிலையான கனெக்ஷனே தாராளம்.