நாங்களே மாட்டிய மாடுலர் கிச்சன்: ஐந்து வருடம் கழித்து

ஆசாரி கூலியை மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் ஆரம்பித்தோம். 2020 கடைசி, ஊரடங்கு தளர்ந்த நேரம், ஆளும் கிடைக்கவில்லை. மதுரையில் எங்கள் வீட்டு அடுப்படியில் கிரானைட் மேடை ஏற்கெனவே இருந்தது. கீழே கடப்பாக் கல் தடுப்புகள், திறந்த அறைகள். கடையில் அளவு கொடுத்தால் 18 எம்.எம். பலகைகளை வெட்டி, வெட்டிய ஓரத்தை மூடும் எட்ஜ் பேண்ட் பட்டையை ஒட்டி, கதவில் கீலுக்கான 35 எம்.எம். குழியும் போட்டுத் தந்துவிடுகிறார்கள். நானும் மச்சானும் ஒரு டிரில்லிங் மெஷினும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று கணக்கு. ஐந்து ஆனது.

பலகைகளை மேடைக்குக் கீழே வைக்கும் பெட்டிகளாகக் கோப்பது பிள்ளை விளையாட்டு. தரையில் நிறுத்தியபோதுதான் வினை. நம்மூர் அடுப்படித் தரை மட்டமாகவே இருக்காது. கழுவிவிடும் தண்ணீர் ஓடட்டும் என்று கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார். அடுப்புப் பக்கத்திலிருந்து சிங்க் மூலைக்கு வருவதற்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் இறக்கம். ரசமட்டத்தை வைத்தால் குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. நாங்கள் பள்ளத்தில் முதல் பெட்டியை நிறுத்தி, பிளாஸ்டிக் கால்களைத் திருகி மட்டம் பார்த்து, அதே உயரத்துக்கு மற்றதை வைத்துக்கொண்டே போனோம். மேட்டுப் பக்கம் வந்தபோது காலைக் குறைக்க இடமே இல்லை. எல்லாவற்றையும் வெளியே இழுத்து, மேட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். ஒரு ஞாயிறு முழுக்க அதற்கே போயிற்று. நீங்கள் செய்வதாக இருந்தால், முதலில் தரையின் மேட்டைக் கண்டுபிடியுங்கள். பலகை ஆர்டர் கொடுப்பதெல்லாம் அப்புறம்.

மேல் அலமாரிகள் இதுவரை தொந்தரவு தரவில்லை. டைல்ஸில் துளை போடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டைலைத் தாண்டும் வரை டிரில்லின் ஹேமரை, அதாவது இடித்துத் துளைக்கும் முறையைப் போடாமல் ஓட்டினோம்; ஒன்றுகூட விரியவில்லை. குழாய்க்கு நேர் மேலே மட்டும் கை வைக்கவில்லை, உள்ளே பைப் போகும்.

கதவுகள் வருடத்துக்கு ஒருமுறை லேசாகத் தொங்கும். கீலில் இருக்கும் திருகைக் கால் சுற்று திருப்பினால் வரிசைக்கு வந்துவிடும், இரண்டு நிமிட வேலை. கம்பிக் கூடை டிராயர்தான் நான் வருத்தப்படும் ஒரு செலவு. தாளிப்புக் கரண்டியும் பீலரும் சந்து வழியே கீழே விழுந்து, டிராயரைத் திறக்கவிடாமல் குறுக்கே நிற்கும். போதாததற்கு எங்கள் போர் தண்ணீரின் உப்புக்கு, ஈரத்தோடு தட்டுகளை அடுக்கிய கூடையில் ஒன்றரை வருடத்திலேயே துருப்புள்ளிகள். எளிதில் துரு ஏறாத 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டும், ‘எஸ்.எஸ்.’ என்ற இரண்டெழுத்தை நம்பி வாங்கிவிட்டேன். பளபளப்பு லேமினேட்டும் வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்துக் கதவில் தினமும் விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும்.

பெரிய அடி சிங்க் கீழேதான். அங்கே இருந்த கடப்பாக் கல் தட்டைப் பெயர்க்கும்போதே அம்மா சொன்னார், “அது தண்ணி பொழங்குற இடம்டா, கல்லை எடுக்காத.” கேட்கவில்லை. செலவைக் குறைக்க மற்ற பெட்டிகளைப் போலவே அங்கேயும் மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. கழிவு பைப்புக்காக அடிப்பலகையில் நானே ஒரு வட்டம் அறுத்தேன். அறுத்த ஓரத்துக்கு எட்ஜ் பேண்டும் இல்லை, சிலிக்கானும் பூசவில்லை. பைப் இணைப்பில் கசிவு என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒரு கசிவு. இரண்டாவது மழைக்காலத்தில் வாளியை எடுக்கப் போனபோது, டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி பலகை உப்பி நின்றது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது.

அடுத்து தண்ணீர் தாங்கும் 710 முத்திரை உள்ள ப்ளைவுட்டில் அடிப்பலகை போட்டேன், ஓரமெல்லாம் சிலிக்கான் பூசி. அது ஊறவில்லை. ஆனால் எப்போதும் ஈரம் படிந்து வாடை வந்தது, கரப்பான் வேறு. போன வருடம் அந்தப் பெட்டியையே கழற்றிவிட்டு, முன்னால் கதவை மட்டும் சட்டத்தோடு விட்டுவைத்தோம். உள்ளே தட்டுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மச்சான்தான் மொட்டை மாடிக்குப் போனார். பழைய கடப்பாக் கல் அங்கே துணி துவைக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. இறக்கிக் கொண்டுவந்து வைத்தோம். இம்மியும் பிசகாமல் பழைய இடத்தில் உட்கார்ந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டார்.