பூ விலை சொல்லும் பாட்: மூன்று வருட டெலிகிராம் அனுபவம்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் என் மாமாவுக்குக் கமிஷன் கடை. அந்தக் கடைக்காக நான் எழுதிய டெலிகிராம் பாட்டுக்கு (bot, செய்திக்குத் தானாகப் பதில் சொல்லும் நிரல்) இப்போது மூன்று வயது. ‘மல்லி’ என்று அனுப்பினால் அப்போதைய கிலோ விலை வரும். பிச்சி, முல்லை, கனகாம்பரத்துக்கும் அப்படியே. காலை ஐந்து மணிக்கு எல்லோருக்கும் ஒரு விலைப்பட்டியலும் தானாகப் போகும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் பூப் பறிப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் எந்த நேரத்துக்கு ஏற்றலாம் என்று முடிவெடுக்கிறார்கள். மொட்டு யாருக்காகவும் காத்திருக்காது.

போன ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். உசிலம்பட்டி அக்கா ஒருவர் போன் செய்தார். “தம்பி, நாலு மணிக்கே கேட்டேன், இன்னும் பதிலைக் காணோம். பூவை ஏத்தவா, வேண்டாமா?” மாமாவைக் கேட்டால், “ஐந்து மணிப் பட்டியல் வந்துச்சேப்பா” என்கிறார். அந்த ஒரு வார்த்தை என்னை ஒரு மணி நேரம் அலையவிட்டது. பட்டியல் போகிறது என்றால் இணைப்பு நன்றாக இருக்கிறது, கோளாறு என் நிரலில்தான் என்று நினைத்து அதையே குடைந்துகொண்டிருந்தேன்.

உண்மையில் போகும் வழி வேறு, வரும் வழி வேறு. பட்டியலை அனுப்புவது பாட் ஓடும் கணினியான நம் சர்வர். டோக்கன், அதாவது பாட்டின் ரகசியச் சாவி, சரியாக இருந்தால் அது போய்விடும். கேள்வி வருவதோ வெப்ஹூக் வழியாக. அங்கே டெலிகிராம்தான் நம் சர்வர் கதவைத் தட்ட வேண்டும். அந்த வழியின் நிலையைச் சொல்லும் ‘கெட்வெப்ஹூக்இன்ஃபோ’ என்ற கட்டளையைப் போட்டேன். சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழில் பிழை, காத்திருக்கும் செய்திகள் 143. நான் வைத்திருந்தது 90 நாளில் காலாவதியாகும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ். பாதுகாப்புக்கென்று சர்வரில் 80ஆம் போர்ட்டை (வெளியிலிருந்து இணைப்பு வரும் வாசல்களில் ஒன்று) நானே மூடியிருந்தேன். நான் வைத்திருந்த முறையில் புதுப்பித்தல் அந்த வழியாகத்தான் சரிபார்க்கப்படும் என்பது அப்போது தோன்றவில்லை. போர்ட்டைத் திறந்தேன், சான்றிதழைப் புதுப்பித்தேன், ஐந்தே நிமிடத்தில் பாட் பேசியது.

அப்புறம்தான் பெரிய சங்கடம். வாங்கப்படாத செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரம் வரை வைத்திருக்கும். அந்த 143 கேள்விகளும் மொத்தமாக வந்து விழுந்தன. நாலு மணிக்கு 900 ரூபாய்க்குப் போன மல்லி ஒன்பது மணிக்கு 700. விடியற்காலையில் கேட்டவருக்கு 700 என்று பதில் போனால், அவர் அதைத்தானே நம்புவார்? இரண்டு பேர் மாமாவிடம் சண்டைக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. இப்போது செய்தி அனுப்பிய நேரத்தைப் பார்த்து, பத்து நிமிடத்துக்கு மேல் பழையதென்றால் விலை சொல்லாமல் ‘மறுபடி கேளுங்கள்’ என்று மட்டும் பாட் சொல்லும்.

முதல் வருடம் வெப்ஹூக் இல்லாமல், புதுச் செய்தி உண்டா என்று பாட்டே டெலிகிராமைக் கேட்டுக்கொண்டிருக்கும் போலிங் முறையில் ஓடியபோது வந்த தொல்லை வேறு. லாக்கில் (நிரல் எழுதிவைக்கும் பதிவில்) 409 என்று வந்தால், அதே டோக்கனில் இன்னொரு பிரதி ஓடுகிறது என்று பொருள். என் லேப்டாப்பில் சோதனைக்குப் போட்டதை நிறுத்த மறந்திருந்தேன். 401 வந்தால் டோக்கன் செல்லாது என்று பொருள், டோக்கன் தரும் டெலிகிராமின் பாட்ஃபாதரிடம் போய்ப் பார்க்க வேண்டும். எதுவாயினும் ரீஸ்டார்ட் செய்யும் முன் லாக்கைப் படியுங்கள்.

இப்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு நிரல் வெப்ஹூக் நிலையைக் கேட்கிறது. இருபது செய்திக்கு மேல் தேங்கினால் என் போனுக்கு எஸ்எம்எஸ் வரும். இந்தத் தை மாதம் ஒருநாள் அதிகாலை மூன்றரைக்கு வந்தது. உசிலம்பட்டி அக்கா ‘மல்லி’ என்று அனுப்புவதற்குள் சரி செய்துவிட்டேன்.