சோப்பு லேபிளுக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்: குமரி மாவட்டத் தயாரிப்பாளர்களுக்கு எச்சரிக்கை

மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை பக்கம் வீட்டில் சோப்பு செய்கிறவர்களையும் சுயஉதவிக்குழுக்களையும் தேடிப்பிடித்து, "லோகோ, லேபிள், பார்கோடு எல்லாம் ஒரே பேக்கேஜ்" என்று வாட்ஸப்பில் ஆர்டர் எடுக்கிற ஏஜென்ட் ஒருவர் இருக்கிறார். பெயரை இங்கே போடவில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஜிபே-யில் வாங்கிக்கொண்டு, பில் தராமல், ஒரு குழுவுக்கு 2000 லேபிள் அனுப்பினார். அதில் ஒன்றைக்கூட சோப்பில் ஒட்டி விற்க முடியாது. எங்கெல்லாம் தவறு என்று வரிசையாகச் சொல்கிறோம். இதே பேக்கேஜ் உங்களிடமும் வரும்.

முதலில் தாள். பேசியது தண்ணீர் பட்டாலும் அழியாத ஸ்டிக்கர் தாள். வந்தது லேமினேஷன் இல்லாத க்ரோமோ பேப்பரில் (ஒரு பக்கம் பளபளக்கும் தாள்) சாதாரண இங்க்ஜெட் அச்சு. ஈர விரலால் ஒருமுறை தேய்த்தால் பச்சை மை விரலோடு வருகிறது, "குப்பைமேனி" என்ற எழுத்தில் பாதி போய்விடுகிறது. கிளிசரின் சோப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வியர்க்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற நம் ஊரில் கேட்கவே வேண்டாம். குளியலறையில் இருக்கப்போகிற பொருளுக்கு பிபி ஃபிலிம் (பிளாஸ்டிக்) ஸ்டிக்கர், அல்லது லேசர் அச்சின் மேல் லேமினேஷன், இரண்டில் ஒன்று வேண்டும். வெறும் சோப்பின் மேல் எந்த ஸ்டிக்கரையும் நேரடியாக ஒட்டாதீர்கள். சோப்பின் எண்ணெய்ப்பசையும் ஈரமும் பசையைப் பிடிக்க விடாது, காரத்தில் சில சாயங்கள் நிறமும் மாறும். கோல்டு பிராசஸ் (சூடாக்காமல் செய்து காயவைக்கிற) சோப்பென்றால் பட்டர் பேப்பரில் சுற்றி மேலே ஸ்லீவ் (கட்டியைச் சுற்றி ஒட்டுகிற தாள் பட்டை) போடுவது நல்லது. கிளிசரின் சோப்பென்றால் காற்றுப் புகாத ஃபிலிமில் சுற்றி, அந்த ஃபிலிமின் மேல் ஒட்டுங்கள்.

அடுத்தது அளவு. சோப்பை அளக்காமலேயே டிசைன் போட்டிருந்தார். 75 × 50 × 25 மில்லிமீட்டர் கட்டிக்கு ஸ்லீவ் நீளம் 50-ம் 25-ம் கூட்டி இரட்டித்தால் 150, ஒட்டுகிற மடிப்புக்கு 12, ஆக 162 மில்லிமீட்டர். வந்த ஸ்லீவ் சரியாக 150. நுனியோடு நுனி முட்டுகிறது, ஒட்ட இடமில்லை. வெட்டும்போது கத்தி ஒன்றிரண்டு மில்லி நகரும் என்பதால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டுக்கோட்டைத் தாண்டி நீளும் டிசைன்) விட வேண்டும், எழுத்துகளை ஓரத்திலிருந்து 3 மில்லியாவது உள்ளே வைக்க வேண்டும். இரண்டும் இல்லாததால் பல லேபிள்களில் விலையின் கடைசி எழுத்தே வெட்டுப்பட்டிருக்கிறது. அளவெடுப்பதும் ஈர சோப்பில் கூடாது. நான்கு முதல் ஆறு வாரம் காயும்போது தண்ணீர் போய்க் கட்டி சுருங்கும், எடையும் குறையும். காய்ந்த கட்டியை ஸ்கேலில் அளந்து, தராசில் நிறுத்து, அந்த எண்ணைத்தான் டிசைனருக்குக் கொடுக்க வேண்டும்.

தமிழ் எழுத்து உடைந்து வந்ததும் இதே ஆர்டரில்தான். யூனிகோட் தமிழைப் பழைய மென்பொருளில் ஒட்டினால் ஒற்றைக்கொம்பும் ஐகாரக் கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாக வரும். தீர்வு எளிது: டிசைன் முடிந்ததும் எழுத்துகளை கர்வ் ஆக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றி, சி.எம்.ஒய்.கே என்ற அச்சு மை நிறத்தில் பி.டி.எஃப் எடுக்கச் சொல்லுங்கள். போனில் ஒளிரும் ஆர்.ஜி.பி (திரை நிற) பச்சை தாளில் மங்கிப்போவதற்கும் இந்த நிற மாற்றம்தான் காரணம். இவர் கொடுத்தது வாட்ஸப்பில் சுருங்கிய ஒரு ஜே.பி.ஜி. அதை வைத்து வேறு எந்த அச்சகத்திலும் நல்ல லேபிள் எடுக்க முடியாது. டிசைன் போட்ட கோரல்டிரா மென்பொருள் கோப்பைக் கேட்டபோது அதற்குத் தனிப் பணம் கேட்டார். மூலக் கோப்பும் சேர்த்துத்தான் விலை என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பண நஷ்டத்தோடு போகும். இனி வருவது வழக்கு வரை இழுக்கும்.

சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். 2020-ம் ஆண்டின் காஸ்மெட்டிக்ஸ் விதிகளின்படி உரிமம் பெற்றுத்தான் விற்பனைக்குத் தயாரிக்க முடியும், உரிம எண் லேபிளில் இருக்க வேண்டும். இந்தக் குழு தன் எண்ணைச் சரியாகவே அனுப்பியிருந்தது. லேபிளிலோ வேறு எண். ஏஜென்ட் வைத்திருந்த பழைய டெம்ப்ளேட்டில் இருந்த, யாரோ ஒரு கம்பெனியின் எண் அது. கேட்டதற்கு வந்த பதில்: "இங்க எல்லாரும் இப்பிடித்தான் போடுதாவ அக்கா, ஒண்ணும் வராது." வரும். ஆய்வாளர் எடுத்துப் பார்த்தால் பதில் சொல்ல வேண்டியது லேபிளில் முகவரி இருக்கிறவர், அச்சடித்தவர் அல்ல. இதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

பொட்டலப் பொருட்களுக்கான 2011-ம் ஆண்டு எடையளவு விதிகளின்படி தயாரிப்பாளர் பெயரும் முழு முகவரியும், பொருளின் பொதுப்பெயர், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகாருக்கான போன் எண்ணும் மின்னஞ்சலும் வேண்டும். ஒரு கிராமுக்கான விலையும் போட வேண்டும்: 100 கிராம் 60 ரூபாய் என்றால் கிராமுக்கு 60 காசு. ஆங்கிலத்தில் எடை போட்டால் கிராமுக்கு 'ஜி' என்ற சின்ன எழுத்து ஒன்று மட்டுமே, 'ஜி.எம்.எஸ்' தவறு. காஸ்மெட்டிக்ஸ் விதிப்படி சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும், காலாவதித் தேதியும் வேண்டும். இந்த லேபிளில் கிராம் விலையும் இல்லை, புகார் எண்ணும் இல்லை. ஆனால் தயாரித்த மாதம் மட்டும் 2000 லேபிளிலும் அச்சாகியிருக்கிறது, அடுத்த மாத சோப்புக்கு ஆகாது. மாதத்துக்குக் காலிக் கட்டம் விட்டு, அந்த இடத்தில் மட்டும் லேமினேஷன் வராமல் செய்து, முத்திரை குத்துவதுதான் சரி. பளபளப்பான லேமினேஷன் மேல் சாதா ஸ்டாம்ப் மை காயாது, கை பட்டால் அழியும்.

தவறான விவரத்தின் மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று ஏஜென்ட் யோசனை சொன்னார். அதுவும் விதிமீறல். விலையைக் குறைத்து ஒட்டலாம், அதுவும் பழைய விலையை மறைக்காமல். கூட்டி ஒட்டவோ மற்ற விவரங்களைத் திருத்தி ஒட்டவோ அனுமதி இல்லை.

வாசகங்கள் இன்னும் மோசம். "சொறி, சிரங்கு, படர்தாமரை குணமாகும்" என்று போட்டிருந்தார். குணமாக்கும் என்றாலே அது மருந்து, சோப்பு உரிமம் அதற்குப் போதாது. "ஆயுர்வேத" என்று போட ஆயுஷ் உரிமம் தனியே வேண்டும். "கெமிக்கல் இல்லாதது" என்பதும் பொய்தான். காஸ்டிக் சோடா இல்லாமல் எண்ணெய் கட்டிச் சோப்பாக மாறாது. லோகோ பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் குறி. டிரேட்மார்க் பதிவு முடியும் முன் அதைப் போடுவது 1999-ம் ஆண்டு டிரேட்மார்க் சட்டப்படி விதிமீறல். லோகோவே இலவச டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்தது, அதே இலையும் துளியும் யார் சோப்பிலும் இருக்கலாம். இது போதாதென்று கிராம்பு சோப்பில் புவிசார் குறியீட்டு முத்திரையும் இருந்தது. கன்னியாகுமரி கிராம்புக்குக் குறியீடு கிடைத்தது உண்மை. அது கிராம்புக்கு மட்டும்தான், சோப்புக்கு அல்ல. கிராம்பிலேயே அதைப் பயன்படுத்த சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும்.

பார்கோடு இந்தியாவுக்கான 890-ல்தான் தொடங்கியது. பார்க்க அசல் மாதிரி. ஆனால் பார்கோடு எண் வழங்கும் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பில் உங்கள் பெயரில் பதிவாகாத எண் சூப்பர்மார்க்கெட்டில் செல்லாது. அதோடு கோடுகளைச் சிவப்பில் அச்சடித்திருந்தார். ஸ்கேனரின் சிவப்பு ஒளியில் சிவப்புக் கோடு வெள்ளையாகவே தெரியும், எதுவும் படிக்காது.

இனி ஆர்டர் கொடுக்கிறவர்கள், எந்தத் தாளில் அச்சாகப்போகிறதோ அதே தாளில் ஒரு ஷீட் அடித்து வாங்குங்கள். 13 × 19 அங்குல ஷீட்டில் மேலே சொன்ன ஸ்லீவை 45 மில்லி அகலத்தில் வைத்தால் குறைந்தது 12 வரும். ஆக 500 லேபிளுக்கு 42 ஷீட் போதும், பில் ஷீட் கணக்கா லேபிள் கணக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதிரியை சோப்பில் சுற்றி, ஈரத் துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய்க் கையால் தடவி, குளியலறையில் ஓர் இரவு வையுங்கள். உரிமச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணை எழுத்தெழுத்தாக இருவர் ஒத்துப்பாருங்கள். அதன் பிறகு பாதிப் பணம், சரக்கைப் பார்த்தபின் மீதி.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் அந்த லேபிள்களை எரித்துவிட வேண்டாம். சிலவற்றை வாட்ஸப் உரையாடல், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோடு எடுத்து வையுங்கள். வாழ்வாதாரத்துக்காகச் சுயதொழில் செய்கிறவரும் நுகர்வோர்தான் என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள், அசையவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.