பிஎம் சூர்ய கர் மானியம்: பணம் ஒழுங்காக வருகிறது, நடுவில் உள்ள வேலைதான் நம் பொறுப்பு

பிஎம் சூர்ய கர் திட்டத்தின் கீழ் வீட்டு மாடியில் மூன்று கிலோவாட் சோலார் அமைத்து, மத்திய அரசின் 78,000 ரூபாய் மானியத்தையும் பெற்ற நுகர்வோர் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மானியம் நியாயமாக வகுக்கப்பட்டிருக்கிறது. பணமும் யார் கையிலும் சிக்காமல் நேராக வங்கிக் கணக்குக்கு வந்து சேர்கிறது. ஆனால் விண்ணப்பிப்பதற்கும் பணம் வருவதற்கும் இடைப்பட்ட வேலை அனைத்தும் நாம் தேர்ந்தெடுக்கும் நிறுவனத்தை நம்பியே நடக்கிறது, அந்த இடத்தில் அரசின் துணை போதுமான அளவுக்கு இல்லை.

ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின்சாரம் என்ற இலக்கோடும் 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடும் 2024 பிப்ரவரியில் தொடங்கிய திட்டம் இது. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், அதற்கு மேல் எவ்வளவு பெரிதாக அமைத்தாலும் கூடுதலாக ஒரு ரூபாயும் கிடையாது. கிலோவாட் ஒன்றுக்கு 50,000 ரூபாய் என்று அரசு நிர்ணயித்த அடிப்படை விலையில் 60 சதவீதமாக முதல் தொகையும், 45,000 ரூபாயில் 40 சதவீதமாக அடுத்த தொகையும் கணக்கிடப்பட்டிருக்கின்றன. சந்தை விலை இந்த அடிப்படை விலையில் நிற்பதில்லை. மூன்று கிலோவாட்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் ரூபாய் கேட்கிறார்கள் என்பதால், கையில் வரும் மானியம் உண்மையில் செலவின் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் வருகிறது. அப்படியிருந்தும், இதற்கு முன்பு கிலோவாட்டுக்கு 14,588 ரூபாய் கிடைத்துவந்ததை நினைத்தால் இது பெரிய உயர்வுதான். உத்தரப்பிரதேசமும் டெல்லியும் தம் பங்காக 30,000 ரூபாய் வரை சேர்த்து மொத்தத்தை 1,08,000 ரூபாயாக ஆக்கியிருக்கின்றன. தமிழ்நாட்டு வீடுகள் மத்திய அரசின் தொகையை மட்டும் நம்பிக் கணக்குப் போடுவதே நல்லது.

விண்ணப்பம் எளிது. மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துத் தேசிய இணையதளத்தில் பதிவு செய்தால், பத்து கிலோவாட்டுக்குள் உள்ள அமைப்புகளுக்குத் தனியாகத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024-இல் விதியே திருத்தப்பட்டுவிட்டது. சிக்கல் வேறொரு இடத்தில் காத்திருக்கிறது. நம் ஊர்களில் பல வீடுகளில் மின் இணைப்பு இன்னமும் காலமான அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோதான் இருக்கிறது. மானியம் சேரவேண்டிய வங்கிக் கணக்கோ மகன் பெயரில் இருக்கும். இந்த இரண்டு பெயர்களும் ஒத்துப்போகாவிட்டால் வேலையெல்லாம் முடிந்த பிறகு கடைசிக் கட்டத்தில் பணம் நின்றுவிடும். ஆகவே சோலார் நிறுவனத்தை அழைப்பதற்கு முன்பே மின்வாரிய அலுவலகத்தில் பெயர் மாற்றத்தை முடித்துக்கொள்ள வேண்டும். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைக்கூடப் பார்த்துக்கொள்வது வீண் வேலையல்ல.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். நான் விலை கேட்டவர்களில் ஒருவர், "மானியம் போக இவ்வளவுதான் சார்" என்று கவர்ச்சியான ஒரு தொகையைச் சொன்னார்; தாளில் எழுதித் தரச் சொன்னபோதுதான் இரும்புச் சட்டத்தின் உயரம், எர்த்திங், நெட் மீட்டர் (மின்வாரியத்துக்கு நாம் கொடுப்பதையும் அங்கிருந்து வாங்குவதையும் கணக்கிடும் மீட்டர்) கட்டணம் எல்லாம் தனித்தனியாக வெளியே வந்தன. மானியம் நிறுவனத்தின் பில்லில் கழிக்கப்படுவதில்லை என்பதை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். முழுத் தொகையையும் நாம் செலுத்தி, அமைப்பு நிறுவப்பட்டு, நெட் மீட்டர் பொருத்தப்பட்டு, மின்வாரியம் ஆய்வு செய்து சான்று கொடுத்த பிறகே அது நம் கணக்குக்கு வரும். கையில் பணம் இல்லாதவர்களுக்குப் பொதுத்துறை வங்கிகள் குறைந்த வட்டியில் பிணையில்லாக் கடன் தருகின்றன. ஆய்வுக்கு வந்த மின்வாரிய ஊழியர்கள் நிதானமாகவும் மரியாதையாகவும் வேலையை முடித்துக்கொடுத்தார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

மானியத்துக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. பேனலும் அதனுள் இருந்து வெயிலை மின்சாரமாக்கும் செல்லும் இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். சந்தையில் இவற்றை 'டிசிஆர்' பேனல் என்கிறார்கள். இறக்குமதி செல்லால் ஆன பேனலைவிட இது விலை கூடியது என்பதால், ஒன்றுக்கு விலை பேசி மற்றொன்றை மாட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. இரும்புச் சட்டத்தில் ஏற்றுவதற்கு முன்பு, ஒவ்வொரு பேனலின் பின்புற ஸ்டிக்கரிலும் உள்ள வரிசை எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு குனிந்து பார்த்தாலும் அந்த எண் கண்ணுக்குப் படாது.

யாருக்கு இது லாபம்? மாதம் 300 யூனிட் இலவசம் என்று விளம்பரங்கள் சொல்வது அரசு தரும் மின்சாரத்தை அல்ல, நம் மாடியில் நாமே உற்பத்தி செய்வதை. நம் வெயிலுக்கு மூன்று கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 700 யூனிட் தருகிறது. தமிழ்நாட்டில் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறி, பில் கூடிவிடும். எனவே ஏசி ஓடும் வீட்டுக்குப் போட்ட பணம் சில ஆண்டுகளில் திரும்பிவிடும். 200 யூனிட்டோடு முடித்துக்கொள்ளும் வீட்டுக்கு மானியத்தோடு சேர்த்துப் பார்த்தாலும் லாபம் சொற்பம். இடைப்பட்டவர்களுக்கு இரண்டு கிலோவாட்டே போதும், மானிய விகிதமும் அந்த அளவில்தான் மிக அதிகம். வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு இது எளிதல்ல. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்குப் பொதுப் பயன்பாட்டுக்காகக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு என்றாலும், அதனால் லிஃப்ட், மோட்டார் செலவு குறையுமே தவிரத் தனி வீட்டின் பில் குறையாது.

பொதுப்பணத்தை இதில் செலவிடுவதற்கு அரசு சொல்லும் காரணம் கரியமில வாயுக் குறைப்பு. ஒரு கோடி வீடுகளிலும் சேர்ந்து 30 ஜிகாவாட் வந்தால் 25 ஆண்டுகளில் 72 கோடி டன் குறையும் என்பது அரசின் கணக்கு. நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அப்படிப் பார்த்தால் என் மாடி ஆண்டுக்கு மூன்று டன் அளவுக்குத் தடுக்கிறது. ஆயினும் பில் பூஜ்யமாக வருவதால் நிலக்கரியும் பூஜ்யமாகிவிட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. பகலில் மின்வாரியத்துக்குக் கொடுத்ததை இரவில் திரும்ப வாங்குகிறோம், இரவு மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் அனல்மின் நிலையங்களிலிருந்தே வருகிறது. அதற்குத் தீர்வான பேட்டரிக்கு இந்தத் திட்டத்தில் மானியம் இல்லை என்பது என் பார்வையில் பெரிய குறை.

பேட்டரி இல்லாததால் இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. தெருவில் கரண்ட் போனால், உச்சி வெயிலிலும் இந்த அமைப்பு நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு நம் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரே தன்னைத் துண்டித்துக்கொள்கிறது. இதை விற்பவர்கள் அதிகம் சொல்வதில்லை. ஐந்தாண்டுப் பராமரிப்பு நிறுவனத்தின் கடமை என்பதையும் அவர்களாகச் சொல்வதில்லை, ஆகவே அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். இன்வெர்ட்டர் செயலியின் கணக்கை நிறுவனத்தின் எண்ணில் அல்லாமல் நம் கைப்பேசி எண்ணில் தொடங்கச் சொன்னால், உற்பத்தி குறைந்த அன்றே நமக்குத் தெரிந்துவிடும்.