லேப்ரடார் காது பிரச்சனை: க்ளீனர், ட்ராப்ஸ், சாப்பாடு மாத்துனது வரைக்கும் எங்க அனுபவம்

தொங்கு காது நாய் வச்சிருக்கவங்களுக்குத்தான் இது ரொம்ப யூஸ் ஆகும். எங்க ஜூலி லேப்ரடார், சென்னையில இருக்கோம், இந்த ஊரு புழுக்கத்துல மூடியே கிடக்குற காதுக்குள்ள ஈரம் காயவே காயாது, அதனால காது இன்ஃபெக்‌ஷன் வர்றதும் போறதுமா பல வருஷம் ஓடிச்சு. அதுல எது நிஜமா வேலை செஞ்சுது எது செய்யலைன்னு இப்ப தெளிவா சொல்ல முடியும்.

முதல்ல எப்படி கண்டுபிடிக்கிறது. நல்லா இருக்குற காது வெளிர் பிங்க்கா இருக்கும், கொஞ்சமா அழுக்கு இருக்கலாம், வாடை இருக்காது. தலையை அடிக்கடி உதறுது, பின்னங்காலால காதை சொறியுது, சோபால காதை தேய்க்குதுன்னா தூக்கிப் பாத்துருங்க. ஜூலிக்கு எப்பவும் முதல்ல வர்றது வாடைதான், புளிச்ச மாவு மாதிரி, கூடவே பிசுபிசுன்னு பிரவுன் அழுக்கு, இது பெரும்பாலும் மலசீசியாங்குற ஈஸ்ட், அதாவது ஒரு வகை பூஞ்சை. மஞ்சளா பச்சையா சீழ் வந்து தொடவே விடலைன்னா பாக்டீரியாவா இருக்கலாம், அதுல சூடோமோனாஸ்னு ஒண்ணு இருக்கு, ரொம்ப பிடிவாதமானது. தலை ஒரு பக்கமா சாஞ்சே இருக்கு, நடக்கும்போது தள்ளாடுது, வட்டமா சுத்துதுன்னா உள்காது வரைக்கும் போயிருக்க வாய்ப்பு இருக்கு, அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. காது மடல் திடீர்னு பொம்முன்னு வீங்குச்சுன்னா உதறி உதறி உள்ள ரத்தக்குழாய் உடைஞ்சு ரத்தம் தேங்கியிருக்கும், அதையும் காட்டணும்.

நான் அடிச்சு சொல்ற ஒரே விஷயம், காதுக்குள்ள என்ன இருக்குன்னு மைக்ரோஸ்கோப்ல பாக்காம ட்ராப்ஸ் வாங்காதீங்க. வேப்பேரி கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரில எங்களுக்கு செஞ்சாங்க, பஞ்சுக்குச்சில அழுக்கை எடுத்து கண்ணாடித் தகடுல உருட்டி, சாயம் ஏத்தி அங்கேயே பாத்துட்டு ஈஸ்ட்டா பாக்டீரியாவான்னு சொல்லிட்டாங்க, இதுக்குப் பேருதான் சைட்டாலஜி, நாய்க்கு வலியும் பெருசா இல்ல. ஈஸ்ட்டுக்கு ஆன்டிபயாட்டிக் மட்டும் ஊத்தினா பலன் இருக்காதுல்ல. இன்னொரு காரணமும் இருக்கு, செவிப்பறை கிழிஞ்சிருந்தா ஜென்டாமைசின் மாதிரி சில மருந்து உள்ள இறங்கி கேக்குற சக்தியையே கெடுக்கலாம், டாக்டர் ஓட்டோஸ்கோப் (காதுக்குள்ள பாக்குற லைட் வச்ச கருவி) வச்சுப் பாத்தாதான் அது தெரியும். அதனால போன தடவை மீந்த பாட்டிலை எடுத்து ஊத்துறதெல்லாம் வேண்டவே வேண்டாம். சிவப்பு குறைஞ்ச உடனே மருந்தையும் நிறுத்திடாதீங்க, திரும்ப ஒரு தடவை சைட்டாலஜி பாத்து டாக்டர் நிறுத்த சொன்னப்புறம் நிறுத்துங்க.

க்ளீனர்ல நான் ரொம்ப நாளா வச்சிருக்கிறது விர்பாக் கம்பெனி எபி-ஓட்டிக். இதுல சாலிசிலிக் ஆசிட் இருக்கு, அழுக்கை இளக்கி காதை காய வைக்குது, பிசுபிசுப்பு எதுவும் தங்கல, எங்களுக்கு நல்லாவே செட் ஆச்சு. வேற ஒண்ணு வாங்கினேன், எண்ணெய்ப்பசையா தங்கி அதுலயே தூசி ஒட்டிச்சு, விட்டுட்டேன். நாய்க்கு காதுக்குழாய் நேரா கீழ இறங்கி அப்புறம் உள்பக்கமா திரும்பும், அதனால பட்ஸ் விட்டா அழுக்கு அந்த வளைவுல போய் அடைச்சுக்கும். நான் செய்றது, காது நிறைய லிக்விட் ஊத்தி, அடிப்பக்கத்தை சளக் சளக்னு சத்தம் வர்ற மாதிரி நல்லா பிசைஞ்சு, அவளை உதற விட்டுட்டு (பாத்ரூம்ல வச்சு செய்ங்க, சுவரெல்லாம் தெறிக்கும்), விரல் போற வரைக்கும் மட்டும் பஞ்சால துடைப்பேன். ட்ராப்ஸ் இருந்தா கொஞ்ச நேரம் காய விட்டு அப்புறம். வாரம் ஒரு தடவை, குளிச்ச அன்னைக்கும், பீச்ல தண்ணில இறங்கின அன்னைக்கும், அவ்வளவுதான், தினமும் கழுவினா தோல் ஊறிப்போய் இன்னும் கெடும். தேங்காயெண்ணெய், பூண்டு காய்ச்சின எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு இதெல்லாம் ஊத்த சொல்லுவாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க, புண்ணான காதுக்கு அது எரிச்சல்தான்.

ஆனா இவ்வளவு செஞ்சும் திரும்பத் திரும்ப வருதுன்னா காதுல மட்டும் தேடாதீங்க. ஜூலி பாதத்தையும் நக்கிட்டே இருப்பா, அதைச் சொன்னதும்தான் டாக்டர் அலர்ஜி பக்கம் போனாங்க. எங்க வீட்ல எப்பவும் சிக்கன் சாதம், தயிர் சாதம், ரெண்டையும் நிறுத்தி, அவ அதுவரைக்கும் சாப்பிடாத மீனும் உருளைக்கிழங்கும் மட்டும் 8 வாரம் கொடுக்க சொன்னாங்க, பிஸ்கட் கூட கூடாது. வீட்ல எல்லாரும் ஒத்துக்கிட்டாதான் இது நடக்கும், தாத்தா கையால ஒரு ரொட்டித்துண்டு போனாலும் என்ன காரணம்னு குழம்பிடும். சொறியிறது குறைஞ்சுது, அப்புறம் டாக்டர் சொன்னபடி திரும்ப சிக்கன் கொடுத்துப் பாத்தோம், அரிப்பு உடனே வந்துச்சு, உறுதியாயிடுச்சு. சிக்கன் நின்னதுல இருந்து மழைக்காலத்துல எப்பவாவது லேசா சிவக்குறதோட சரி.

வீட்ல பூனையும் இருந்து, காதுல கறுப்பா உதிரி உதிரியா அழுக்கு வந்து பயங்கரமா சொறியுதுன்னா காதுப்பூச்சியா (இயர் மைட்ஸ்னு சொல்ற ரொம்பச் சின்ன பூச்சி) இருக்கலாம், அது ஒண்ணுகிட்ட இருந்து ஒண்ணுக்கு ஒட்டும், ஒரு நாய்க்கு மட்டும் மருந்து போட்டா நிக்காது, வீட்ல இருக்குற எல்லாத்தையும் சேத்து கூட்டிட்டுப் போங்க.