வாட்டர்போர்ட்டா, பொஹீமியாவா, அச்சுக் கண்ணாடியா?

யாழ்ப்பாணத்து வீடுகளின் கண்ணாடி அலுமாரிகளில் நிற்கிற பூச்சாடிகள் பல, லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ உறவுக்காரரின் சூட்கேசுக்குள் துணி சுற்றி வந்தவை. அதில் இருந்தே சேகரிப்பைத் தொடங்க நினைப்பவர்களுக்கு மூன்று வகை கண்ணில் படும்: அயர்லாந்தின் வாட்டர்போர்ட், செக் நாட்டுப் பொஹீமியா, அச்சில் அழுத்திச் செய்த கண்ணாடி. நான் பொஹீமியாவின் பக்கம்தான்.

வாட்டர்போர்ட்டுக்குப் பெயர் பெரிது. 1783இல் தொடங்கி 1851இல் மூடப்பட்ட அந்தத் தொழிலை 1947இல் மறுபடி எழுப்பியவர் சார்ள்ஸ் பாசிக் என்ற செக் நாட்டுக்காரர். 1952இல் வந்த லிஸ்மோர் என்ற புகழ்பெற்ற வெட்டு வடிவத்தை வரைந்த மிரோஸ்லாவ் ஹாவெலும் செக் நாட்டவரே. தடித்த கண்ணாடியில் ஆழமாக இறங்கும் அந்த வெட்டுகள் உண்மையிலேயே அழகு. ஆனால் 2009இல் பழைய தொழிற்சாலை மூடப்பட்டது. இப்போது அந்தப் பெயரில் வருபவற்றில் ஒரு பகுதி அயர்லாந்துக்கு வெளியே செய்யப்படுகிறது. பெயருக்காக அதிக விலை கொடுப்பதானால் அடியில் உள்ள முத்திரையைப் பார்த்துப் பழையதையே வாங்குங்கள்.

பொஹீமியாச் சாடிகள் பலவற்றில் 24% என்று ஒட்டியிருக்கும். அது ஈய ஒக்சைட்டின் அளவு. ஈயக் கிறிஸ்டல் என்று சொல்ல அவ்வளவாவது வேண்டும் என்பது 1969இல் வந்த ஐரோப்பிய விதி. ஈயம் சேர்ந்தால் கண்ணாடி பாரமாகும், ஒளியைக் கூடுதலாக வளைக்கும், வெட்டவும் இலகு. ஆக, வெட்டு நன்றாக இருந்தால் வெயிலில் மின்னுவதில் இது வாட்டர்போர்ட்டுக்குச் சளைத்ததல்ல. இவர்களிடம் இன்னொரு வித்தையும் உண்டு: தெளிந்த கண்ணாடிக்கு மேல் சிவப்போ நீலமோ ஒரு படையாகப் போர்த்தி, அதை வெட்டித் திறந்து உள்ளிருக்கும் தெளிவைக் காட்டுவார்கள். காலை வெயில் விழும் விறாந்தைப் பக்கம் ஒன்றை வைத்துப் பாருங்கள், மனம் அதை விட்டு வராது.

அச்சுக் கண்ணாடியை விரலே கண்டுபிடிக்கும். வெட்டின் விளிம்பு மழுங்கியிருக்கும், பக்கத்தில் அச்சுப் பொருத்தின் கோடு ஓடும். தட்டிப் பார்க்கும் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். கழுத்து ஒடுங்கிய தடித்த சாடி நல்ல கிறிஸ்டலாக இருந்தாலும் அவ்வளவாக ஒலிக்காது.

ஆனால் தினமும் பூ வைக்க அச்சுக் கண்ணாடிதான் சரி. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. சில நாளிலேயே உள்ளே வெள்ளைப் படை பிடிக்கும். புதிதாகப் பிடித்த படை வினாகிரியில் ஊற வைத்தால் போய்விடும். கண்ணாடியே அரித்து மங்கியிருந்தால் எதுவும் செய்யாது. ஈரமாக இருக்கும்போது அந்த மங்கல் தெரியாது என்பதால், பழைய சாடி வாங்கும்போது உட்பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகே பாருங்கள்.