நுவரெலியா பேல் கடை ஜக்கெட்: மலை ஏறப் போகிறவர்களுக்கு

கிரிகல்பொத்தை மலை ஏற ஜக்கெட் தேடுகிறவர்கள் கொழும்புக் கடைகளில் காசைக் கொட்ட வேண்டாம். நுவரெலியா டவுனில் இருக்கிற பேல் கடைகளே, அதாவது உடுப்புகளை மூட்டையாக வாங்கி மலிவாக விற்கிற கடைகளே போதும். ஒன்று மட்டும்: கடை வாசலில் தொங்குவதை வாங்காதீர்கள், உள்ளே மடித்துப் போட்டிருப்பதைக் கேளுங்கள்.

வாசலில் தொங்குவதெல்லாம் பஞ்சு வைத்து உப்பின ஜக்கெட். ஏப்ரல் சீசனுக்கு வருகிறவர்கள் கிரகரி வாவிக்கரையில் நின்று போட்டோ பிடிக்க அது நல்லாத்தான் இருக்கும். மலைக்கு வேண்டியது பஞ்சில்லாத, மெல்லிய மழை ஜக்கெட். நம்ம பக்கத்து மலையில் குளிரை விட ஈரம்தான் ஆளைப் படுத்தும். எங்கம்மா தலவாக்கலைப் பக்கம் தேயிலைக் கொழுந்தெடுத்தவர். வெயில் அடிக்கிற நாளிலும் ஈரம் படாமலிருக்க இடுப்பில் படங்குச் சீலை கட்டாமல் மலைக்குப் போனதில்லை. விடிகாலையில் செடியில் நிற்கிற தண்ணியே பாவாடையை நனைத்துவிடும் என்பார்.

இந்தக் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் ஏற்றுமதிக்குத் தைத்ததில் மிஞ்சியதும் கழிக்கப்பட்டதும். லேபலைப் பாதி வெட்டியிருப்பார்கள். ஒன்றில் சின்னம் கோணலாக இருக்கும், இன்னொன்றில் ஒரு கை மற்றதை விட நீளமாக இருக்கும். அதனால் நனையப் போவதில்லை, விட்டுவிடலாம். பார்க்க வேண்டியது உட்பக்கம். ஜக்கெட்டைப் புரட்டிப் போட்டுத் தோள், தலைமூடி, கை மூன்றிலும் தையல் மேலே டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். டேப் இல்லையென்றால் ஊசித் துளை வழியாகத் தண்ணி இறங்கும். பிறகு துணியில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று லேசாக அந்தப் பக்கம் போனால் அது வெறும் காற்றுத் தடுப்பு, மழைக்கு ஆகாது. உள்பூச்சு கையில் பிசுபிசுவென்று ஒட்டினாலோ புளித்த வாடை வந்தாலோ பழைய ஸ்டொக். இரண்டு மழைக்கு மேல் தாங்காது, செதில் செதிலாக உரியும்.

நான் வாங்கிய கடை அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். "மிஸ், வாங்க வந்தீங்களா, செக் பண்ண வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, தானே போத்தல் தண்ணியைக் கையில் ஊற்றிக் காட்டினார். முத்து முத்தாக உருண்டு விழுந்தது. நாலாயிரம் சொன்னார், மூவாயிரத்து இருநூறுக்குத் தந்தார். ஏப்ரலில் போய் இப்படிப் பேரம் பேசிப் பாருங்கள், திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

ஜக்கெட்டைச் சோதித்த இடம் கிரிகல்பொத்தை, 2,388 மீற்றர். நாட்டிலேயே உயரமான பீதுருதலாகலை 2,524 மீற்றர் என்றாலும் பாதுகாப்பு வலயம் என்பதால் அங்கே நடந்து ஏற விடுவதில்லை. ஆக, காலால் ஏறக்கூடியதில் கிரிகல்பொத்தைதான் உயரமானது. ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்காவுக்குள்ளே இருக்கிறது. உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்கப் போகிற கூட்டம் ஒரு பக்கம் திரும்ப, நாம் வேறு பக்கம். போக ஏழு கிலோமீற்றர், வர ஏழு. பாதி தூரம் புல்வெளியும் சேறும், பிறகு பாசி பிடித்த காடு, கடைசியில் பாறை.

நாங்கள் போனது பெப்ரவரியில். வானத்தில் ஒரு துளி மேகமில்லை. புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாக இருந்தது. வெயில் ஏற ஏற அது அத்தனையும் தண்ணியாகிவிட்டது. பாதையை மூடி வளர்ந்த குட்டை மூங்கில் இடுப்புயரத்துக்கு நிற்கிறது. அதை ஒதுக்கி ஒதுக்கி நடந்தால் மழையில்லாமலே குளித்த மாதிரிதான். என் ஜக்கெட்டின் உள்ளே கடைசி வரை ஈரம் வரவில்லை. மச்சான் வேறொரு கடையில் ஐயாயிரம் கொடுத்து வாங்கிய உப்பல் ஜக்கெட்டில் காட்டைத் தாண்டுமுன்னே பஞ்சு கட்டி கட்டியாகச் சேர்ந்து கைப்பக்கம் தொங்கியது. உச்சியில் காற்றில் நின்றவருக்குப் பல்லு கிட்டியது. திரும்பி வந்து கடைக்காரரிடம் காட்டினால், "பேல் சாமானுக்குக் கேரண்டி கேக்குறீங்களா?" என்றாராம். கடையில் வைத்தே பார்த்து வாங்கச் சொல்வது இதற்குத்தான்.

என் ஜக்கெட்டிலும் குறை உண்டு. அக்குளில் காற்றுப் போக சிப் இல்லை, ஏறும்போது வியர்த்துக் கொட்டியது. அக்குள் சிப் வைத்தது கிடைத்தால் ஐந்நூறு கூடக் கொடுத்தாலும் தகும். உள்ளே பருத்தி பெனியன் போடாதீர்கள், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே கடைகளில் ஃபிலீஸ் என்கிற மெத்தென்ற செயற்கைத் துணியில் மெல்லிய சட்டை நான் போனபோது ஆயிரத்துக்குள் கிடைத்தது, அது போதும். கையுறையும் சப்பாத்தும் அங்கே பார்த்தேன், இரண்டும் சரியில்லை.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை போவதாக இருந்தால் இந்த ஜக்கெட்டோடு ஒரு மழைக் காற்சட்டையும் சேருங்கள். மே மாதம் பிறந்து தென்மேல் பருவமழை இறங்கிவிட்டால் எந்த ஜக்கெட்டும் அந்தச் சேற்றுக்குப் பதில் சொல்லாது. அந்த மாதங்களில் நான் போவதில்லை. உணவைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு போகாதீர்கள், நுழைவாயிலில் பையைத் திறந்து பார்த்து எடுத்துவிடுவார்கள். ரொட்டியைத் துணியிலோ டப்பாவிலோ வையுங்கள்.

வெளிநாட்டு அளவு என்பதால் கை நீளமாகத்தான் இருக்கும். டவுன் தையல்காரர் கொஞ்சக் காசுக்கு வெட்டிச் சுருக்கித் தருகிறேன் என்பார். கொடுக்காதீர்கள், புதுத் தையலுக்கு அவரிடம் டேப் இல்லை. மணிக்கட்டுப் பட்டியை இறுக்கிவிட்டால் போதும்.